அட்வான்ஸ் பாக்கியும் ஆறு வருஷச் சட்டமும்

கேள்வி: ஐயா, திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு செங்கல் சூளை இருக்கிறது. வேலைக்கு வரும் குடும்பங்களுக்கு அப்பா முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பாக்கி நிற்கும், அது அடுத்த சீசனுக்குப் போகும். சென்ற மாதம் ஓர் இருளர் குடும்பம் பாக்கியோடு இரவில் கிளம்பிப் போய்விட்டது. ஆள் அனுப்பி அழைத்துவர வேண்டும் என்கிறார் அப்பா. நான் கூடாதென்றேன். உடனே வேதத்தைத் திறந்து யாத்திராகமம் 21, லேவியராகமம் 25 இரண்டையும் காட்டினார். "கடனை உழைத்துக் கழிப்பது தேவனே அனுமதித்த முறை. வாங்கிச் செலுத்தாதவனைத் துன்மார்க்கன் என்று சங்கீதம் சொல்கிறது" என்கிறார். அவர் சபையில் மூப்பர். கொடுமைக்காரர் இல்லை, பண்டிகைக்கு எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேதம் அடிமைத்தனத்தை ஏற்கிறதா? அவ்வளவு பழைய சட்டம் இன்றைக்குப் பொருந்துமா? அட்வான்ஸ் இல்லாமல் சூளை நடத்த முடியாதே, அதற்கு என்ன வழி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே திரும்பி வரச் சொல்லுங்கள். போன குடும்பத்தைத் தேடிப் பிடித்துச் சூளைக்குக் கொண்டுவருவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். அப்பா கையில் வைத்திருக்கும் வேதமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் 15, 16 வசனங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எஜமானுக்குத் தப்பி வந்தவனை அந்த எஜமான் கையில் ஒப்புக்கொடுக்காதே, அவன் தெரிந்துகொண்ட இடத்தில் இருக்கட்டும், அவனை ஒடுக்காதே என்கின்றன அவை. பாபிலோனில் அரசன் அம்முராபியின் சட்டம் நேர் எதிராக இருந்தது. ஓடிவந்த அடிமைக்கு வீட்டில் இடங்கொடுத்தவனுக்கு அங்கே மரண தண்டனை. உபாகமம் பேசுவது வேற்று நாட்டிலிருந்து தப்பி வந்த அடிமையைப் பற்றி மட்டும்தான் என்று சொல்லும் உரையாசிரியர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத அந்நியனையே திருப்பிப் பிடித்துக் கொடுக்கக் கூடாதென்றால், உங்கள் சூளையில் கல் அறுத்த குடும்பத்தைத் துரத்திப் பிடிக்க அந்த வேதத்தில் எங்கே அனுமதி தேடுவது?

பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பது என் தொழில். அப்பா காட்டிய வசனங்கள் வேதத்தில் இருக்கின்றன, அவர் இல்லாததைச் சொல்லவில்லை. அந்த வசனங்கள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. கடன், அடகு, அடிமை வேலை பற்றிய மோசேயின் சட்டங்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். "வாங்காதே", "ஒடுக்காதே", "வெறுமையாய் அனுப்பாதே" என்று அவை பெரும்பாலும் பணம் கொடுத்தவனிடம்தான் பேசுகின்றன. கடன்பட்டவனுக்கு அங்கே கொடுக்கப்படுவது ஒரு முடிவு நாள். இந்தச் சட்டங்கள் கடன் கொடுத்தவனின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டவை. அவற்றை எடுத்துக் கடன் வாங்கினவனைக் கட்டுவது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

அந்தக் காலத்தில் ஒருவன் எப்படிக் கடனில் விழுந்தான் என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். யூதேயா மலைநாட்டு விவசாயிக்கு ஆறும் வாய்க்காலும் கிடையாது. முன்மாரி விதைப்புக்கு, பின்மாரி கதிர் முற்றுவதற்கு. இரண்டில் ஒன்று தப்பினால் வீட்டில் இருக்கும் விதைத் தானியத்தையே பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டிவரும். அடுத்த வருஷம் விதைக்கக் கடன் வாங்க வேண்டும். பாபிலோனியச் சட்டங்களில் தானியக் கடனுக்கு வழக்கமான வட்டி மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தால் எந்தக் குடும்பம் மீளும்?

லேவியராகமம் 25 இந்த வீழ்ச்சியைப் படிப்படியாகச் சொல்கிறது. "உன் சகோதரன் தரித்திரப்பட்டு" என்ற பேச்சு அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும். முதலில் அவன் நிலத்தில் கொஞ்சம் விற்கிறான். பிறகு கை இளைத்துப்போய் உன்னை அண்டுகிறான். பிறகு தன்னையே உனக்கு விற்கிறான். கடைசியில் குடியேறிய அந்நியனுக்கு விற்றுப்போகிறான். ஒவ்வொரு படியிலும் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. நிலத்தை விற்றானா? உறவினன் மீட்கலாம், முடியாவிட்டால் யூபிலி என்னும் ஐம்பதாம் வருஷத்தில் அது தானாகத் திரும்பும். கை இளைத்தானா? அவனிடம் வட்டியும் பொலிசை என்னும் லாபமும் வாங்காதே. தன்னை விற்றானா? அடிமையைப்போல் நடத்தாதே, கூலிக்காரனைப்போல் இருக்கட்டும், யூபிலியில் பிள்ளைகளோடு போகட்டும். இவ்வளவுக்கும் காரணத்தை 23-ஆம் வசனத்திலும் 42-ஆம் வசனத்திலும் பார்க்கலாம். தேசம் என்னுடையது, நீங்கள் அதில் பரதேசிகள். இவர்கள் நான் எகிப்திலிருந்து கொண்டுவந்த என் ஊழியக்காரர். வேறொருவருக்குச் சொந்தமானவனை நீ எப்படி விலைக்கு வாங்குவாய் என்பதுதான் அங்கே கேள்வி.

இதே அதிகாரத்தில் 50 முதல் 53 வரையுள்ள வசனங்களை உங்கள் அப்பா சூளைக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தன்னை விற்றுக்கொண்டவனை மீட்கும்போது தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று அங்கே சொல்லியிருக்கிறது. விற்ற வருஷம் தொடங்கி யூபிலி மட்டும் உள்ள வருஷங்களை எண்ணி, கூலிக்காரனுடைய காலக் கணக்கின்படி பார்க்க வேண்டும். மீதி வருஷம் அதிகமிருந்தால் அதிகம் கொடுக்க வேண்டும், கொஞ்சம் இருந்தால் கொஞ்சம். அவன் உழைத்த ஒவ்வொரு வருஷமும் கடனில் கழிந்துகொண்டே வரும். ஏறுவதற்கு அந்தக் கணக்கில் வழியே இல்லை.

சூளைக் கணக்கு எப்படி ஓடுகிறது? பல இடங்களில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவன், மனைவி இருவர் உழைப்பும் ஒரே பெயரில் எழுதப்படும். வாரச் செலவுக்கு வாங்கும் காசு பாக்கியில் ஏறும். மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது, ஆனால் சாப்பாட்டுக் காசு மட்டும் நோட்டில் ஏறும். காய்ச்சல் என்று படுத்தால் மருத்துவச் செலவும் ஏறும். ஆறு மாதம் உழைத்த குடும்பம் வந்தபோது இருந்ததைவிட அதிகக் கடனோடு ஊருக்குப் போவதும் நடக்கிறது. இந்த இடத்தில் அம்முராபியே நம்மைவிட இரக்கமுள்ளவராகத் தெரிகிறார். அவருடைய 48-ஆம் சட்டம், புயல் வெள்ளத்தாலோ தண்ணீர் இல்லாமலோ பயிர் போன வருஷத்தில் கடனாளி தானியம் கொடுக்க வேண்டாம், கடன் எழுதிய களிமண் பலகையை நனைத்து மாற்றிக்கொள்ளலாம், அந்த வருஷத்துக்கு வட்டி இல்லை என்கிறது. மழைக்கான நஷ்டத்தைக் கல் அறுப்பவன் தலையில் கட்டுவது அந்தப் புறஜாதி அரசனின் நீதிக்கும் கீழே இருக்கிறது.

யாத்திராகமம் 21-க்கு வருகிறேன். எபிரெய அடிமை ஆறு வருஷம் வேலைசெய்து ஏழாம் வருஷம் ஒன்றும் கொடுக்காமல் விடுதலையாகிப் போகலாம் என்பது சட்டம். "ஒன்றும் கொடுக்காமல்" என்பதை அப்பா அழுத்தி வாசிக்கட்டும். பாக்கி இருந்தாலும் முடிந்தது. அந்தச் சட்டத்திலும் கடினமான பகுதிகள் உண்டு. எஜமான் கொடுத்த மனைவியும் பிள்ளைகளும் அவனோடு போக முடியாது. விற்கப்பட்ட மகள் ஆண்களைப்போல் ஏழாம் வருஷம் போக முடியாது. சாப்பாடோ துணியோ தாம்பத்திய உரிமையோ குறைத்தால்தான் அவள் பணமில்லாமல் போகலாம். இதே சட்டத்தை உபாகமம் 15 மறுபடி சொல்லும்போது எபிரெய ஸ்திரீயையும் சேர்த்துக்கொள்கிறது, அவளுக்கும் ஏழாம் வருஷம் விடுதலை. அதோடு இன்னொன்றையும் கூட்டுகிறது. அனுப்பும்போது வெறுமையாய் அனுப்பாதே, உன் ஆட்டு மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் எடுத்துத் தாராளமாய்க் கொடு. வெறுங்கையோடு போகிறவன் அடுத்த மழை தப்பினால் மறுபடி விற்கப்படுவான் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேதத்துக்குள்ளேயே ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தை விரிவாக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள். அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஆறு வருஷம் என்பதைப் பெரிய சலுகையாகவும் பேச வேண்டாம். கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று வருஷம் உழைத்து நான்காம் வருஷம் விடுதலையாக வேண்டும் என்று அம்முராபி எழுதியிருக்கிறார். பாபிலோனிய அரசர்கள் அவ்வப்போது கடன்களை ரத்துசெய்து ஆணையும் பிறப்பித்தார்கள். அம்மிசதூகா என்ற அரசனின் ஆணை நமக்குக் கிடைத்திருக்கிறது. மோசேயின் சட்டம் வேறுபடுவது, விடுதலை அரசன் மனம் வைக்கும்போது வருவதாக இல்லாமல் நாள்காட்டியில் இருப்பதில். ஏழாம் வருஷம் வந்தால் கடன் போகும், அடிமை ஏழாம் வருஷம் போவான், ஐம்பதாம் வருஷம் நிலம் திரும்பும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கடன் வாங்கும் நாளிலேயே அது முடியும் நாளும் இருவருக்கும் தெரியும்.

அடகுச் சட்டங்களையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தவை அவை. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவது. அடகு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவன் எடுத்து வந்து கொடுக்கட்டும். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது போவதற்குள் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான்? 1960-இல் மத்தியதரைக் கடற்கரையில் யாவ்னே யாம் அருகே ஒரு சின்னக் கோட்டையைத் தோண்டியபோது எபிரெய எழுத்துள்ள மண்பாண்டத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குச் சொல்லி எழுதிய மனு அது. நான் என் பங்கு வேலையை முடித்துவிட்டேன், ஓசாயாகு என்பவர் வந்து என் மேலாடையை எடுத்துக்கொண்டார், என்னோடு அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், என் ஆடையை வாங்கிக் கொடுங்கள் என்கிறான். தான் குற்றமற்றவன் என்று மறுபடியும் சொல்கிறான். எரேமியா காலத்து ஏழை ஒருவனின் குரல் நமக்கு நேராகக் கேட்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. அந்தச் சட்டங்கள் ஏட்டில் மட்டும் இருந்தவை என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் துண்டைக் காட்டுவேன். ஓர் அறுப்புக்காரன் தன் மேலாடையைத் திருப்பிக் கேட்பது நியாயம் என்று நம்பி அதிகாரியிடம் போயிருக்கிறான்.

நீங்கள் கேட்ட கடினமான கேள்விக்கு வருகிறேன். வேதம் அடிமைத்தனத்தை ஏற்கிறதா? லேவியராகமம் 25-இல் 44 முதல் 46 வரையுள்ள வசனங்களை நான் மூடி மறைக்க மாட்டேன். சுற்றியுள்ள புறஜாதிகளிடமிருந்து அடிமைகளை வாங்கலாம், அவர்களைப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக விட்டுப்போகலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. சகோதரனுக்கு ஒரு சட்டம், அந்நியனுக்கு இன்னொரு சட்டம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் இந்த வசனங்களைப் பிரசங்க மேடையிலேயே வாசித்தார்கள். பிலதெல்பியாவில் இருக்கும் விடுதலை மணியில் பொறித்திருப்பதும் இதே அதிகாரத்தின் 10-ஆம் வசனம்தான், தேசமெங்கும் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறச் சொல்கிற வசனம். 1830-களில் அடிமை ஒழிப்பாளர்கள் அந்த மணியைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் அங்கே கடுமையாக்கப்பட்டபோது உபாகமம் 23-ஐக் காட்டி அதை எதிர்த்தார்கள். ஒரே வேதத்தை இரு தரப்பும் வாசித்தன. யார் சரியாக வாசித்தார்கள் என்பதில் இன்று எந்தச் சபைக்கும் சந்தேகம் இல்லை.

சகோதரன் யார் என்ற எல்லைக்கோட்டில்தான் அந்தச் சட்டம் நிற்கிறது. அந்தக் கோட்டை வேதமே நகர்த்துகிறது. அந்நியனை உன்னைப்போல நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள் என்று லேவியராகமம் 19:34 சொல்லிவிட்டது. தாயின் கர்ப்பத்தில் என்னை உண்டாக்கினவர் என் வேலைக்காரனையும் உண்டாக்கினார் என்று யோபு 31-இல் சொல்கிறான். எனக்குப் பிறன் யார் என்று கேட்டவனுக்கு இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொன்னார். 44-ஆம் வசனத்தை இவற்றின் கீழ்தான் ஒரு கிறிஸ்தவன் வாசிக்க முடியும்.

சகோதரி, இங்கே உங்களிடம் வெளிப்படையாக ஒன்று கேட்கிறேன். பாக்கியோடு போனது உங்கள் சொந்தக்காரர் குடும்பமாக இருந்தால் அப்பா ஆள் அனுப்பியிருப்பாரா? வீட்டுக்குப் போய்ப் பேசியிருப்பார், தவணை கேட்டிருப்பார், மனம் நொந்து விட்டுக்கூட இருப்பார். இருளர் என்றதும் ஆள் அனுப்பலாம் என்று தோன்றுகிறதென்றால், நாமும் சகோதரனுக்கு ஒரு சட்டம், அந்நியனுக்கு ஒரு சட்டம் என்று வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டை நமக்கு வரைந்து கொடுத்தது சாதி. அப்பாவை நோகடிக்க இதை எழுதவில்லை. பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற மனிதருக்கு இதைக் கேட்கும் காது இருக்கும் என்று நம்பியே எழுதுகிறேன்.

இந்தச் சட்டங்களை இஸ்ரவேல் கைக்கொண்டதா என்று கேட்டால், பலமுறை இல்லை. யூபிலி கொண்டாடப்பட்டதாக வேதத்தின் சரித்திரப் புத்தகங்களில் எங்கும் குறிப்பு இல்லை. ஆமோஸ் காலத்தில் ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள், அடகு வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே படுத்துக்கொண்டார்கள். எலிசாவிடம் வந்த விதவையின் இரண்டு பிள்ளைகளையும் கடன் கொடுத்தவன் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருந்தான். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் உடன்படிக்கை செய்து அடிமைகளை விடுதலையாக்கினார்கள். சேனை கொஞ்சம் விலகியதும் அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியா 34-ஐ வாசியுங்கள். விட்ட மனிதரைத் திரும்பப் பிடித்ததற்காக அந்த நகரத்துக்கு வந்த தீர்ப்பு அது. ஆள் அனுப்பலாமா என்று யோசிக்கிற ஒரு வீட்டில் வாசிக்க வேண்டிய அதிகாரம்.

அப்பாவோடு உட்கார்ந்து வாசிக்க நான் தெரிந்தெடுப்பது நெகேமியா 5. ஏனென்றால் அதில் கடன் கொடுத்த ஒரு நல்ல மனிதன் வருகிறான். காலம் கி.மு. 445-ஐ ஒட்டியது, பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் ஆட்சி. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். சிலர் பஞ்சத்துக்குத் தானியம் வாங்க நிலம், திராட்சத்தோட்டம், வீடு எல்லாவற்றையும் அடகு வைத்திருக்கிறார்கள். சிலர் ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமையாகிவிட்டார்கள், எங்கள் மாம்சமும் எங்கள் சகோதரரின் மாம்சமும் ஒன்றுதானே என்கிறார்கள். நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. அவன் சபையைக் கூட்டுகிறான். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று எல்லார் முன்பும் சொல்கிறான். இந்த வட்டியை விட்டுவிடுவோம், நிலத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறான். கொடுத்தவர்களும் சம்மதிக்கிறார்கள். வாய்ச்சொல்லை நம்பி அவன் விடவில்லை, ஆசாரியர்களை அழைத்து ஆணையிடச் செய்கிறான். தானும் கொடுத்தவன் என்று சொன்னதால்தான் அவன் பேச்சு அங்கே எடுபட்டது. சூளை முதலாளிகள் நடுவில் உங்கள் அப்பா அப்படிப் பேசினால் என் போன்றவர்கள் நூறு கட்டுரை எழுதுவதைவிட அதிகம் நடக்கும்.

இனி நாட்டுச் சட்டம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, 1975 அக்டோபர் 25 முதல் செல்லும். முன்பணம் வாங்கியதற்கு ஈடாக ஒருவர் பெயரளவு கூலிக்கு உழைத்தாலோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ இழந்தாலோ அது கொத்தடிமை முறை. வாயால் பேசிய ஒப்பந்தமானாலும் சரி, அவரே சம்மதித்தார் என்றாலும் சரி. அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட கடன் முழுவதும் அழிந்துபோகிறது, அதை வசூலிக்க எந்தச் சிவில் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்கிக்கொள்வதே 9-ஆம் பிரிவில் தனிக் குற்றம். கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்று வருஷம் வரை சிறை. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. கட்டாய வேலை நடந்ததென்று தெரிந்தால் முன்பணம் இருந்திருக்கும் என்றே அனுமானிக்க வேண்டும் என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. இருளர் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அந்த 6-ஆம் பிரிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உபாகமம் 15 நினைவுக்கு வரும். மோசேயின் சட்டத்தில் விற்கப்பட்டவனை மீட்க அண்ணனோ சிற்றப்பனோ வர வேண்டும், நகோமியின் நிலத்தை மீட்கப் போவாஸ் வந்ததுபோல. வசதியான உறவினன் இல்லாதவனுக்கு இன்று அந்த இடத்தில் அரசு நிற்கிறது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. வெறுமையாய் அனுப்பாதே என்ற கட்டளையை ஓர் அரசாங்கம் தன் மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். தேசங்களின் கடனுக்கும் லேவியராகமம் 25-இன் யூபிலியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. 1998 மே மாதம் பர்மிங்காமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனை ரத்துசெய்யக் கேட்டு யூபிலி 2000 இயக்கத்தார் ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து நின்றார்கள்.

அப்பா சொன்ன சங்கீத வசனம் 37:21. அதன் பாதியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான், நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்." மீதிப் பாதி அவருக்கானது. அந்தக் குடும்பம் செலுத்தாமல் போனதா, உழைத்துத் தீர்த்துவிட்டுப் போனதா என்பதையும் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அறுத்த கல்லுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை இருவருக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பாக்கி உங்கள் பக்கம் நிற்கவும் கூடும்.

கடைசியாக, அட்வான்ஸ். கொடுக்காவிட்டால் யாரும் வர மாட்டார்கள், கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. வேதத்துக்கும் அது தெரியும். ஏழாம் வருஷம் கிட்டிவிட்டது என்று ஏழைக்குக் கொடுக்காமல் கையை மூடிக்கொள்ளாதே என்று உபாகமம் 15:9 எச்சரிக்கிறது. எச்சரித்தும் மூடிக்கொண்டார்கள். அதனால் ஏரோதின் காலத்தில் ஹில்லேல் என்ற யூத போதகர் ஒரு வழி செய்தார். கடன் பத்திரத்தை நியாயசபையிடம் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் வருஷத்தில் அந்தக் கடன் அழியாது. ஏழைக்குக் கடன் கிடைப்பது நின்றுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. ஆனால் அதில் வசூல் நியாயசபையின் வழியாக, கடன் கொடுத்தவன் அனுப்பும் ஆட்கள் வழியாக இல்லை.

முன்பணம் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவருக்கு வழிச்செலவும் முதல் வாரச் சாப்பாடும் வேண்டும். அதற்குத் தேவையான சிறு தொகையாக இருக்கட்டும், வட்டி இல்லாமல். இரண்டு மாதக் கூலிக்குள் சிறிது சிறிதாகக் கழியும் அளவைத் தாண்ட வேண்டாம். கூலி வாரந்தோறும் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக, முடிந்தால் வங்கிக் கணக்கில் போகட்டும். கல் எண்ணிக்கையும் கழித்த தொகையும் எழுதிய நோட்டு ஒன்று அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மேஸ்திரி வாசித்துக் காட்டட்டும், வேறொருவர் சரிபார்க்கட்டும். பிள்ளைகள் களத்தில் கல் திருப்பாமல் பள்ளிக்குப் போக வேண்டும். மழை நாட்களுக்கான படி கடனில் ஏறக் கூடாது, அது தொழில் நடத்துகிறவரின் செலவு. யாராவது நடுவில் போக விரும்பினால் போகலாம், வாசலில் யாரும் தடுக்கக் கூடாது. சீசன் முடிவில் மிச்சம் நின்றால் அதை அங்கேயே அடித்துவிடுங்கள், அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சில ஆயிரங்கள் வருஷந்தோறும் போகும். அதைக் கல்லின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், களிமண்ணையும் விறகையும் சேர்க்கிற மாதிரி.

போன குடும்பத்துக்கு யாராவது தெரிந்தவர் மூலம் தகவல் அனுப்புங்கள், மிரட்டலாகத் தோன்றாதபடி அவர்கள் நம்பும் ஒருவராகப் பார்த்து. பாக்கி எதுவும் இல்லை, யாரும் தேடி வர மாட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். கூலி நின்றிருந்தால் கணக்கோடு அனுப்பிவையுங்கள். ரேஷன் கார்டோ ஆதார் அட்டையோ சாமான்களோ சூளையில் இருந்தால் அவற்றையும் சேர்த்து. அவர்கள் கோட்டாட்சியரிடம் போக நினைத்தால் அது அவர்கள் உரிமை, அதைத் தடுக்க யாரும் பேசக் கூடாது. இதையெல்லாம் செய்வதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அப்பா பேச விரும்பினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நான் பதில் எழுதுவேன்.